அரளிக்கு ஒன்று, எள்ளுக்கு ஒன்று

மதுரையில் அந்துப்பூச்சி பார்க்கத் தொடங்குகிறவர் எடுத்த எடுப்பில் நூறு பெயரை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டு பூச்சிகளைச் சரியாகத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, ஊருக்குள் அரளியிலும் நந்தியாவட்டையிலும் வளர்கிற பச்சை நிறப் பூச்சி. அறிவியல் பெயர் டாப்னிஸ் நெரி. 1758இல் லின்னேயஸ் விவரித்தது. மற்றது, ஊர் முடிந்து மானாவாரிக் காடு தொடங்கும் இடத்தில் எள்ளை நம்பி வளர்கிற, முதுகில் மண்டையோட்டுக் குறி உள்ள பூச்சி. பெயர் அகெரோன்ஷியா ஸ்டிக்ஸ். 1847இல் வெஸ்ட்வுட் விவரித்தது. வசதிக்காக இந்த அத்தியாயத்தில் முதலாவதை அரளிப்பூச்சி என்றும் இரண்டாவதை எள்ளுப்பூச்சி என்றும் குறிப்பிடுகிறேன்.

இரண்டும் ஸ்பிஞ்சிடே எனப்படும் பருந்து அந்துப்பூச்சிக் குடும்பம். இரண்டும் சிறகை விரித்தால் ஏறத்தாழ 9 முதல் 12 சென்டிமீட்டர் அகலம். ஒரே வெயில், ஒரே வடகிழக்குப் பருவமழை. அப்படியிருந்தும் அண்ணாநகரில் ஒரு நந்தியாவட்டைச் செடியில் அரளிப்பூச்சியின் புழுவைக் கண்டுபிடிப்பது எளிது. எள்ளுப்பூச்சியை அங்கே காண்பது அபூர்வம். சேடப்பட்டிப் பக்கம் போனால் கதை மாறுகிறது. ஏன் இப்படி என்று கேட்டால் பெரும்பாலோர் செடியைக் காரணம் சொல்வார்கள். அது பாதி பதில்தான். மீதிப் பாதி மண்ணில் இருக்கிறது என்பது என் கட்சி. அதற்குப் பிறகு வருகிறேன்.

சிறகின் கோலத்தைப் பார்த்து இனம் காண்பதுதான் பெரும்பாலான நூல்களின் வழி. டி.ஆர்.டி. பெல், எஃப்.பி. ஸ்காட் இருவரும் 1937இல் எழுதிய, இந்தியப் பருந்து அந்துப்பூச்சிகளுக்கு இன்றும் அடிப்படையான தொகுதி புழுக்களுக்கும் அவை தின்னும் செடிகளுக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுக்கிறது. பெல் காட்டிலாகா அதிகாரி. புழு வளர்த்துப் பார்த்தவர். அந்த வழிதான் நமக்கும் தோது. வளர்ந்த பூச்சி டியூப்லைட்டுக்கு வந்தால் அது அதிர்ஷ்டம். புழுவுக்கோ நிலையான முகவரி உண்டு.

ஊருக்குள்: அரளிப்பூச்சி

மதுரையைச் சுற்றியுள்ள நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில் மைல்கணக்கில் அரளி வைத்திருக்கிறார்கள். ஆடு மாடு கடிக்காது, தண்ணீர் கேட்காது, எதிர்ப்பக்க வண்டி வெளிச்சத்தை மறைக்கும் என்பதால் வைத்த செடி. விருதுநகர் சாலையிலும் திண்டுக்கல் சாலையிலும் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும் இந்த வரிசை, அரளிப்பூச்சிக்கு நெடுஞ்சாலைத் துறை அறியாமலே போட்டுக்கொடுத்த பந்தி. ஆனால் தயவுசெய்து நடுத்திட்டில் ஏறித் தேடாதீர்கள். வண்டிகள் பறக்கும் இடம் அது. புழு பார்க்கப் போனவர் ஆஸ்பத்திரி பார்க்க நேரும். அதே செடி கோயில் நந்தவனங்களிலும், கல்லூரி வளாகங்களிலும், திருநகர், கே.கே.நகர் வீடுகளின் மதிலோரத்திலும் இருக்கிறது. நந்தியாவட்டை இன்னும் நல்லது. ஆளுயரத்துக்குள் நிற்கும், இலை அகலமாக இருப்பதால் கடித்த தடம் தெளிவாகத் தெரியும். நித்தியகல்யாணித் தொட்டியையும் விட்டுவிடாதீர்கள்.

தேட வேண்டியது கொழுந்தில். அரளியைக் கத்தரித்துவிட்டு அது புதிதாகத் துளிர்க்கும் வாரங்களும், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிந்திய நாட்களும் நல்ல காலம். முட்டை வெளிர் பச்சையில், கடுகைவிடக் கொஞ்சம் சிறியதாக, ஒற்றை ஒற்றையாக இளம் இலையில் ஒட்டியிருக்கும். பொரித்த புழு மஞ்சளாக, உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் ஒரு கருப்புக் கொம்பை வால்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். வளர வளரப் பச்சையாகி, முழு வளர்ச்சியில் 7, 8 சென்டிமீட்டர் வரை போகும். பக்கவாட்டில் வெள்ளைக் கோடு, அதைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள். கொம்பு அப்போது குட்டையாகி ஆரஞ்சு மஞ்சளாக இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலான அடையாளம் கண்கள். தலைக்குச் சற்றுப் பின்னால், மார்பின் மேல், கருப்பு விளிம்பிட்ட நீல வெள்ளையில் இரண்டு வட்டங்கள். புழு சும்மா இருக்கும்போது அவை தோல் மடிப்பில் பாதி மறைந்திருக்கும். இலையைத் தொட்டு ஆட்டினால் தலையை உள்ளிழுத்து மார்பை உப்பவைக்கும். உடனே இரண்டு கண்ணும் முழித்துப் பார்க்கும். நந்தியாவட்டையில் பச்சைப்பாம்புக் குட்டி என்று வீட்டார் பதறிக் கூப்பிடும் பல அழைப்புகளுக்கு இதுதான் காரணம். உண்மையில் அந்த வட்டங்களால் பார்க்க முடியாது. கடிக்கவும் கொட்டவும் அதனிடம் எதுவும் கிடையாது. முருங்கைக் கம்பளிப்பூச்சியைப் போல அரிக்கும் மயிரும் இல்லை.

எச்சரிக்கை புழுவைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை, செடியைப் பற்றியதாக இருக்க வேண்டும். அரளியின் எல்லாப் பாகத்திலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு உண்டு. அதைத் தின்று இந்தப் புழு ஊறில்லாமல் வளர்கிறது. நமக்கு அந்தத் திறமை இல்லை. இலை பறித்த கையைக் கழுவாமல் வாயில் வைக்கக் கூடாது. குழந்தைகளோடு போகிறவர்கள் இதைப் புறப்படும்போதே சொல்லிவிடுங்கள்.

புழு கண்ணில் படாவிட்டால் தரையைப் பாருங்கள். சிமெண்டுத் தரையில் கரும்பச்சை நிறத்தில், மிளகளவு எச்ச உருண்டைகள் சிதறிக் கிடந்தால் அதற்கு நேர் மேலே புழு இருக்கிறது. உருண்டை பெரிதானால் புழுவும் பெரிது. ஈரமாக இருந்தால் சற்றுமுன் விழுந்தது. காய்ந்திருந்தால் புழு நகர்ந்திருக்கலாம், காக்கையும் கொண்டுபோயிருக்கலாம்.

கூடு கட்டும் நேரம் நெருங்கினால் புழுவின் நிறம் மங்கிப் பழுப்பாகும். செடியைவிட்டு இறங்கி வேகமாக நடக்கும். நகரவாசிகளில் பலர் இந்தப் புழுவை முதன்முதலில் சந்திப்பது இந்தக் கோலத்தில்தான்: மாடிப்படியிலோ கார் நிறுத்தும் இடத்திலோ அவசரமாக எங்கோ போய்க்கொண்டிருக்கும். அதற்கு வேண்டியது கொஞ்சம் சருகு. மண்ணைத் தோண்டாது. காய்ந்த இலைகளைச் சில நூலிழைகளால் தளர்வாகப் பிணைத்துக்கொண்டு தரைமட்டத்திலேயே கூட்டுப்புழுவாகிவிடும். ஓரிரு வாரம், கூடினால் மூன்று வாரம் கழித்துப் பூச்சி வெளிவரும்.

வளர்ந்த பூச்சியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆலிவ் பச்சை, இளஞ்சிவப்பு, வெள்ளை மூன்றும் பளிங்கில் ஓடும் ரேகை போலக் கலந்த சிறகு. முன்சிறகின் அடியில் வெளிர் திட்டுக்குள் ஒரு கரும்பச்சைப் புள்ளி. வேறெதோடும் குழப்பிக்கொள்ள முடியாத அழகு. அந்தி மயங்கும் நேரத்தில் மணமுள்ள வெளிர்ப் பூக்களின் முன் அந்தரத்தில் நின்று நீண்ட உறிஞ்சுகுழலால் தேன் குடிக்கும். நின்றபடி சிறகடிக்கும் வேகத்தில் உடம்பு மட்டும்தான் தெரியும். இதைத் தேன்சிட்டு என்று சொல்கிறவர்களைக் குறைசொல்ல முடியாது.

காட்டில்: எள்ளுப்பூச்சி

உசிலம்பட்டி, செல்லம்பட்டி, சேடப்பட்டி, தே. கல்லுப்பட்டி என்று மேற்கும் தென்மேற்கும் விரியும் மானாவாரி நிலத்தில் எள் பெரும்பயிராக இல்லாவிட்டாலும் அங்கங்கே உண்டு. மானாவாரியில் ஆடிப்பட்டம், கார்த்திகைப் பட்டம், இறவையில் மாசிப்பட்டம். விதைத்து ஒரு மாதம் கழிந்து, செடி முழங்கால் உயரம் தாண்டிப் பூவெடுக்கும் கட்டத்தில் போவது உத்தமம். காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் புழு இலையடிக்குப் போய்விடும். நாமும் வரப்பில் நிற்க முடியாது.

கேட்காமல் காட்டுக்குள் இறங்கக் கூடாது. களை எடுக்கும் பெண்களிடம் கேட்பதுதான் சரியான தொடக்கம். அவர்கள் செடி செடியாகக் குனிந்து பார்க்கிறவர்கள். “அக்கா, எல இல்லாம மொட்டையா நிக்கிற எள்ளுச்செடி எங்கயாச்சும் கெடக்கா? கொம்பு வச்ச பெரிய புழு பாத்தீங்களா?” என்றால் போதும். புழுவை விஞ்ஞானப் பெயரில் கேட்டால் பூச்சிமருந்துக் கம்பெனி ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

புழு விரலளவு தடிப்பு. மூன்று நிறத்தில் வரலாம்: பச்சை, மஞ்சள், பழுப்பு. அதனால் நிறத்தை நம்பாதீர்கள். பக்கவாட்டில் சாய்வாக ஓடும் பட்டைகளையும், வால்பக்கக் கொம்பையும் நம்புங்கள். கொம்பு சொரசொரப்பாக, சிறு மணிகள் ஒட்டியதுபோல், கீழ்நோக்கி வளைந்து நுனியில் மேல்நோக்கி மடங்கியிருக்கும். மார்பில் கண்வட்டம் கிடையாது. அரளிப்பூச்சிப் புழுவிலிருந்து பிரித்தறிய இந்த ஒரு குறியே போதும்.

ஒரு புழு நாலைந்து செடியை மொட்டையடித்துவிடும் என்பதால் விவசாயி கண்ணுக்கு இது பெரிய எதிரியாகத் தெரியும். பெரும்பாலும் அப்படி இல்லை. எள்ளை உண்மையில் கெடுப்பவை இலையைப் பிணைத்துப் பூவிலும் காயிலும் துளைக்கும் சிறு புழுவும், பூவைப் பச்சை இலையாக மாற்றிவிடும் நோயைப் பரப்பும் தத்துப்பூச்சியும்தான். கொம்புப்புழு எண்ணிக்கையில் குறைவு, உருவத்தில் பெரிது. கையால் பொறுக்கினாலே தீர்ந்துவிடும். இதற்காக மருந்தடிப்பது வீண்செலவு. வேளாண் துறையினர் சொல்லும் இன்னொரு வழி ஆழ உழவு. உழவுக்குப் பின்னால் வரும் மைனாவும் கொக்கும் கரிச்சானும் மண்ணிலிருந்து புரண்டு மேலே வரும் கூட்டுப்புழுக்களை முடித்துவிடும்.

வளர்ந்த பூச்சி கருப்பும் பழுப்பும் கலந்த முன்சிறகு, மஞ்சள் பின்சிறகு. பின்சிறகில் இரண்டு கரும்பட்டைகள். வயிறு மஞ்சளில் கருப்பு வளையங்கள், நடுவே நீலச்சாம்பல் கோடு. மார்பின் மேலே அந்த மண்டையோடு. 1991இல் வந்த ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ ஆங்கிலப் படத்தில் கொலையாளி விட்டுச்செல்லும் பூச்சி என்று பெயர் சொல்லப்படுவது நம் எள்ளுக்காட்டுப் பூச்சியே. சுவரொட்டியில் அச்சிட்டது என்னவோ ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் அதன் உறவுக்காரப் பூச்சியான அட்ரோபாஸை. கொலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. திருட்டுக்கு உண்டு.

பெரும்பாலான பருந்து அந்துப்பூச்சிகளுக்கு நீண்ட உறிஞ்சுகுழல் இருக்க, எள்ளுப்பூச்சிக்கு இருப்பது குட்டையான, தடித்த, கூரான குழல். ஆழமான பூவில் அது எட்டாது. மெழுகு மூடிய தேனறையைக் குத்தித் திறக்க அதுவே தோது. இரவில் மரப்பொந்தில் இருக்கும் அடுக்குத் தேனீக் கூட்டுக்குள் நுழைந்து தேன் குடித்துவிட்டு வரும். கொட்டு வாங்காமல் எப்படித் தப்புகிறது? அட்ரோபாஸில் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வொன்று, தேனீயின் உடல்மேல் இருக்கும் அதே கொழுப்பமிலங்கள் அந்தப் பூச்சியின் மேலும் இருப்பதைக் காட்டியது. கூட்டுக்குள் போனால் வீட்டு ஆள் வாசனை. எப்போதும் பலிக்காது, தேன்பெட்டியைத் திறக்கும்போது உள்ளே செத்துக் கிடக்கும் எள்ளுப்பூச்சியைக் காண்பதும் உண்டு. பெட்டி வைத்திருப்பவர்கள் தேனீ மட்டும் போய்வரும் அளவுக்கு வாசலைக் குறுக்கிவிட்டால் போதும், இந்தத் தடித்த உடம்பு நுழையாது.

கையில் எடுத்தால் கிறீச்சிடும். பயப்பட வேண்டாம். தொண்டையறைக்குள் காற்றை இழுக்கும்போது ஒரு மடிப்பு அதிர்ந்து ஒரு சத்தம், வெளியேற்றும்போது சீழ்க்கை மாதிரி இன்னொன்று. பூச்சி உலகத்தில் வாய்வழிக் காற்றால் ஒலி எழுப்புவது அருமை. மற்றவை பெரும்பாலும் உரசியோ தட்டியோ ஒலி எழுப்புகின்றன. காதருகே வைத்து ஒருமுறை கேளுங்கள். பிறகு விட்டுவிடுங்கள்.

மண் செய்யும் வேலை

எள்ளுப்பூச்சிப் புழு சருகோடு திருப்தி அடைவதில்லை. வளர்ந்ததும் இறங்கி மண்ணைத் துளைத்து, சில அங்குல ஆழத்தில் ஓர் அறை செய்து, சுவரை வழவழப்பாக்கி, அதற்குள் கூட்டுப்புழுவாகிறது. அதற்கு வேண்டியது இளகிய மண். உழுத காட்டில் அது கிடைக்கும். மதுரை நகரத்தில் வீட்டைச் சுற்றி சிமெண்டும் பேவர் கல்லும் போட்ட பிறகு எங்கே துளைக்கும்? அரளிப்பூச்சிக்கு இந்தச் சிக்கல் இல்லை. மதிலோரத்தில் பெருக்காமல் விட்ட ஒரு பிடி சருகு, அரளி வரிசையின் அடியில் சேரும் குப்பை, மொட்டைமாடித் தொட்டியின் மூடாக்கு, எதிலும் தலைமுறை தழைத்துவிடும்.

கத்தரி, அவரை, மொச்சையும் எள்ளுப்பூச்சிப் புழுவுக்குத் தீனிதான். அவை ஊருக்குள் தோட்டம் போடுகிறவர் வீட்டில் இல்லாமலில்லை. வெறும் செடிதான் தீர்மானிக்கும் என்றால் எள்ளுப்பூச்சி நகரத்திலும் சாதாரணமாக இருக்க வேண்டும். இல்லை என்பதற்கு மண்ணும், தேனீக் கூடு இருக்கும் பழைய மரங்கள் குறைந்ததும் காரணம் என்று நான் எண்ணுகிறேன். கத்தரிப் பாத்தியோடு மண்தரையும் வேம்பும் புளியும் மிஞ்சியிருக்கும் நாகமலைப் புதுக்கோட்டை, ஒத்தக்கடை போன்ற ஓரங்களில் இரண்டையும் ஒரே வாரத்தில் பார்க்க வாய்ப்பு அதிகம். புதிதாகத் தொடங்குகிறவர் அங்கிருந்து தொடங்கலாம். ஒத்தக்கடையில் யானைமலையடியில் 1965 முதல் இருக்கும் வேளாண்மைக் கல்லூரியின் பூச்சியியல் துறையில் சந்தேகம் கேட்கவும் வழியுண்டு.

குழப்பக்கூடியவை

சாம்பல் நிறத்தில், வயிற்றின் இருபுறமும் இளஞ்சிவப்பும் கருப்புமாகப் பட்டை போட்ட ஒன்று விளக்குக்கு வந்தால் அது சர்க்கரைவள்ளிக் கொடியில் வளரும் அக்ரியஸ் கன்வால்வுலி. இருட்டில் பார்த்தால் எள்ளுப்பூச்சி மாதிரித் தோன்றும். மண்டையோடு இருக்காது, குழலோ உடம்பைவிட நீளம். மண்டையோடு இருந்தும் பின்சிறகின் அடிப்பகுதி கருத்திருந்தால் அகெரோன்ஷியா லாக்கெசிஸாக இருக்கலாம்; பின்சிறகு தெரியும்படி ஒரு படம் எடுத்துவையுங்கள். அரளிப்பூச்சிக்கு டாப்னிஸ் ஹைப்போத்தஸ் என்ற கருமையான உறவு உண்டு. அது கடம்பு வகை மரங்களைச் சேர்ந்தது.

விளக்கும் வேட்டியும்

ஒரு பழைய வெள்ளை வேட்டியைத் துணி காயப்போடும் கொடியில் தொங்கவிட்டு, முன்னால் விளக்கு வைத்தால் போதும். புதிய வெள்ளை எல்.இ.டி.யில் புறஊதாக் கதிர் அநேகமாக இல்லை. பூச்சிகள் குறைவாகத்தான் வரும். புறஊதா எல்.இ.டி. பட்டையோ, பழைய பாதரச விளக்கோ கிடைத்தால் நல்லது. பாதரச விளக்கை வெறுங்கண்ணால் நேராகப் பார்க்காதீர்கள். அமாவாசையை ஒட்டிய, காற்றில்லாத, புழுக்கமான இரவுகள் தோது. பூச்சிகள் வெளிச்சத்தைத் தேடி வருகின்றன என்ற எண்ணமே தவறு என்று 2024இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது: வானம் எப்போதும் முதுகுப்பக்கம் வெளிச்சமாக இருக்கும் என்ற கணக்கில் பறப்பவை, விளக்கருகே வந்ததும் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பித் திரும்பிச் சிக்கிக்கொள்கின்றன. ஆகவே அந்த வேட்டி ஒரு பொறி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரியவிடாதீர்கள். அணைத்த பிறகு துணியில் ஒட்டியிருப்பவற்றைச் செடிகளுக்குள் உதறிவிடுங்கள். விடியும்வரை விட்டால் கரிச்சானுக்கும் பல்லிக்கும் விருந்தாகும்.

வளர்த்துப் பார்க்க

ஒரு புழுவை வீட்டில் வளர்ப்பது எந்தப் புத்தகத்தைவிடவும் அதிகம் கற்றுத்தரும். வலை மூடிய பெட்டி வேண்டும். மூடி இறுகிய டப்பாவில் ஈரம் கோத்துப் புழு அழுகிவிடும். எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதே செடியின் இலையைத் தினமும் மாற்றுங்கள். நந்தியாவட்டையில் எடுத்ததற்கு அரளி போட்டால் சில புழுக்கள் தின்னாமல் அடம்பிடிக்கும். நெடுஞ்சாலை ஓரத்து இலையில் தூசியும் புகையும் படிந்திருக்கும், கழுவித் துடைத்துப் போடுங்கள். சந்தையில் வாங்கிய கத்தரியிலையோ மருந்தடித்த எள்ளிலையோ வேண்டவே வேண்டாம்.

நிறம் மாறியதும் பெட்டியின் அடித்தளத்தில்தான் இரண்டு பூச்சிக்கும் வித்தியாசம். அரளிப்பூச்சிக்கு நாலு விரல்கடை உயரத்துக்குக் காய்ந்த சருகு. எள்ளுப்பூச்சிக்கு அரையடிக்குக் குறையாமல், சலித்த, லேசான ஈரமுள்ள மண். அதை வெறும் பெட்டியில் விட்டால் மூலைக்கு மூலை அலைந்து ஓய்ந்துவிடும். மண்ணுக்குள் போனதைத் தோண்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். அறை இடிந்தால் சிறகு சுருங்கிய பூச்சிதான் வரும். பெட்டிக்குள் ஒரு சொரசொரப்பான குச்சியைச் சாய்த்துவையுங்கள். வெளிவந்த பூச்சி அதில் ஏறித் தொங்கித்தான் சிறகை விரிக்கும். பிடிமானம் கிடைக்காவிட்டால் சிறகு மடங்கியே காய்ந்துவிடும்.

விடும்போது அந்தி சாய்ந்த பிறகு, எடுத்த இடத்திலேயே விடுங்கள். எள்ளுப்பூச்சியை அந்த விவசாயி காட்டிலேயே விடலாமா என்ற கேள்வி வரும். அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வேண்டாம் என்றால் பக்கத்து ஊரணிக்கரை மரத்தில் விடலாம். குறிப்பேட்டில் தேதி, ஊர், செடி, புழு எந்த அளவில் கிடைத்தது, எதில் கூடு கட்டியது, எப்போது வெளிவந்தது என்று எழுதிவையுங்கள். படம் எடுக்கும்போது பக்கவாட்டில் ஒன்று, கொம்பு தெரிய ஒன்று, செடியின் பூவோடு ஒன்று. சிறகு விரித்த பூச்சி எவ்வளவு அழகாக விழுந்திருந்தாலும், செடி எது என்று எழுதாத படத்தால் அடுத்த ஆண்டு அதே புழுவைத் தேடுகிறவருக்குப் பயனில்லை.